மணியில் உட்கார்ந்த அணில்

எந்த ராசா ஆண்ட காலம் என்றெல்லாம் கேட்கக் கூடாது. கேட்டால் கதை நின்றுபோகும். சுக்குப்பாறை என்று ஓர் ஊர். அந்த ஊரில் இசக்கியப்பன் என்று ஒருத்தன். சொன்னதைச் சொன்னபடியே செய்கிறவன். அவனிடம் இருந்த ஒரே கோளாறு அதுதான்.

ஒருநாள் மாமனார் வேலாண்டி விருந்துக்கு வந்திருந்தார். மனைவி ஆவுடையம்மா, "எங்கப்பாவுக்குச் சோறு போட்டு, இலையில கோழிய வையும்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள். இவன் கொல்லையில் மேய்ந்த கோழியைப் பிடித்து வந்து இலையில் வைத்தான். அது பாதிச் சோற்றைக் கொத்தித் தின்று, மீதியைக் காலால் கிளறிவிட்டுப் போனது. மாமனாருக்கு வந்ததே ஆத்திரம்! மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். போகும்போது சொன்னார்:

"வாற ஞாயித்துக்கிழம வருவேன். என் நெஞ்சுச்சளிக்கு வைத்தியரு அணில்கறி சொல்லியிருக்காரு. நீயே சுட்டு, நீயே குழம்பு வச்சுப் போடணும். சரியா இருந்தா என் மவள அனுப்புதேன். இல்லன்னா அந்தக் கோழியோடயே குடும்பம் நடத்து!"

அன்றிலிருந்து இசக்கியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆவுடையம்மா திட்டுகிற சத்தம் இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடந்தது. கோழியைப் பார்த்தாலே அழுகை வந்தது, பாவம்.

அவனுக்கு யோசனை சொல்ல இரண்டு கூட்டாளிகள் உண்டு, பேச்சிமுத்துவும் தளவாயும். யோசனைக்கும் அவர்களுக்கும் ஏழாம் பொருத்தம் என்பது வேறு விஷயம். மூன்று பேருமாகத் தோட்டக்காவல் அந்தோணியிடம் போனார்கள். அவரிடம் ஒரு சின்னத் துப்பாக்கி இருந்தது. வாய் வழியாகக் கருமருந்தும் ஈயக் குண்டும் போட்டு இடித்து, விசையை இழுத்தால், சக்கிமுக்கிக் கல் பொறி தட்டி வெடிக்கிற பழைய சாமான். குண்டு சுண்டைக்காய் பருமன்தான்.

"நல்லா கேட்டுக்கோங்கவே," என்றார் அந்தோணி. "அணில் எம்புட்டோ அம்புட்டுதான் மருந்து போடணும். சத்தம் கேட்டா ஓடிரும். துப்பாக்கி நுனியில குறி பாக்கச் சின்னதா ஒரு மணி இருக்குல்லா, அதுல அணில் வந்து உக்காந்த பொறவுதான் விசைய இழுக்கணும். கறிய, கொதிக்கிற குழம்புல உடனே போட்டிரணும்."

குறி பார்க்கும்போது மணியும் அணிலும் ஒரே நேராகத் தெரியணும், அவ்வளவுதான் அவர் சொன்னது. நம்ம ஆட்கள் மூவரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொல்லையில் இலுப்பை மரத்தடியில் அடுப்பு மூட்டி, மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் அரைத்து ஊற்றி, குழம்பைத் தளதளவென்று கொதிக்க வைத்துவிட்டார்கள். அணில் ஒன்றுதான் பாக்கி. அது மரக்கிளையில் ஓடிக்கொண்டிருந்தது.

"அணில் எம்புட்டு இருக்கும்?" என்றான் இசக்கியப்பன், மருந்துக் குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு.

"ஒரு சாண்," என்றான் தளவாய்.

"வாலச் சேத்தா, சேக்காமலா?"

"வாலையா மாமா திங்கப் போறாரு? அதக் கழி."

"தோலும் திங்க மாட்டாரே," என்றான் பேச்சிமுத்து.

"அதையும் கழி. எலும்பையும் கழி."

இப்படிக் கழித்துக் கழித்து, கடைசியில் ஒரு சிட்டிகை மருந்துதான் துப்பாக்கிக்குள் போனது. மேலே குண்டைப் போட்டு இடித்தார்கள்.

"வெடிச்சா சத்தம் வருமே, ஓடிருமே?" என்றான் இசக்கியப்பன்.

"அணில் காதுல பஞ்சு வச்சிருவோம்," என்றான் தளவாய்.

பேச்சிமுத்து பஞ்சோடு மரத்தில் ஏறினான். செவ்வெறும்பு மொய்த்துக் கடித்தது. சத்தம் போடக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு கிளையிலேயே ஆடினான், பொத்தென்று விழுந்தான்.

"அது காதக் குடுக்க மாட்டேங்குதுல," என்றான் முனகலாக.

தளவாய் ரொம்ப நேரம் யோசித்தான். "அப்போ பஞ்ச நம்ம காதுல வைப்போம். யாருக்கும் கேக்கலன்னா சத்தமே இல்லன்னுதான அர்த்தம்?"

ஆகா, என்ன மூளை! மூவரும் காதை அடைத்துக்கொண்டார்கள்.

சுட்டதும் அணில் நேரே குழம்பில் விழட்டும் என்று, துப்பாக்கியை முக்காலி மேல் சாய்த்து, அடுப்புப் பக்கம் பார்க்க வைத்தார்கள். மணியில் கொஞ்சம் கருப்பட்டியைத் தடவி, அதில் ஒரு கடலைப்பருப்பை ஒட்டிவிட்டு இசக்கியப்பன் விசையில் விரலை வைத்தான். அணில் இறங்கியது. இவர்களைப் பார்த்தது. இவர்களால் ஆபத்தில்லை என்று அதற்கே தெரிந்துவிட்டது போல. குடுகுடுவென்று ஓடி வந்து மணியின் மேல் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்து, கடலையைக் கொறித்தது.

'ஆவுடையம்மா, வந்துருட்டி' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இசக்கியப்பன் விசையை இழுத்தான்.

புஸ்ஸென்று புகை வந்தது. அவன் புருவம் பொசுங்கியது. குண்டு அணிலுக்குக் கீழே மெதுவாக எட்டிப் பார்த்து, கொதிக்கிற குழம்பில் டுபுக்கென்று விழுந்தது. அணில் தளவாய் தலையில் குதித்து மரத்துக்குப் போனது.

இசக்கியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பினால் மாமனார் நிற்கிறார்! அதுவரை வாசலில் நின்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியிருந்தது அவருக்கு. இசக்கியப்பன் பஞ்சை எடுத்துவிட்டு, இலை போட்டுப் பரிமாறினான். இரண்டாவது கவளத்தில் மாமனார் வாயில் 'டக்'கென்றது.

"என்னல இது?"

"குண்டு மாமா. அணிலச் சுட்டோம்லா, அந்தக் குண்டு."

மாமனார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்லு! சந்தைக்கறியில குண்டு கிடக்குமா? இது அசல் வேட்டக்கறி! ஆமா, கறியக் காணோமே?"

"அணில் சின்ன உருப்படி மாமா," என்றான் தளவாய்.

"அதான பாத்தேன். பூவா வெந்து கரைஞ்சிருக்கு." மிளகுக் காரத்தில் நெஞ்சுச்சளி இளக, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சட்டியைக் காலி பண்ணினார்.

அந்த நேரம் பார்த்து அணில் இறங்கி வந்து, மணியில் ஒட்டியிருந்த கருப்பட்டியை நக்கியது.

"இது எந்த அணில்ல?" என்றார் மாமனார்.

இசக்கியப்பனுக்குப் பொய் சொல்லத் தெரியாதே! "உங்க குழம்புக்குச் சுட்ட அணில்தான் மாமா."

மாமனார் அணிலைப் பார்த்தார். காலிச் சட்டியைப் பார்த்தார். கையிலிருந்த குண்டைப் பார்த்தார். இசக்கியப்பன் கோழியைப் பார்த்தான். ஆயுசுக்கும் இனி இதுதான் என்று நினைத்துக்கொண்டான்.

"சுட்டாச்சு, குழம்பு வச்சாச்சு, நானும் தின்னாச்சு," என்றார் மாமனார். "அணில் அப்படியே இருக்கு! மருமவனே, என் மவ இனிமே காலத்துக்கும் கறிக்குக் கஷ்டப்பட மாட்டா. இன்னைக்கே அனுப்பி வைக்கேன்."

வாசல்வரை போனவர், என்னவோ ஞாபகம் வந்து திரும்பினார். குண்டை வேட்டியில் துடைத்து மருமகன் கையில் கொடுத்தார்.

"அடுத்த வாரமும் இதையே போட்டு வையி. ஆனா ஒண்ணு, அந்த அணிலுக்கு மட்டும் இந்தக் குழம்ப ஊத்திராத. தன் கறியத் தானே திங்கது மகாபாவம்."