எடுத்துடு

“இந்தப் பொண்ணு எனக்கு வேண்டாம் மேடம். இன்னிக்கே அனுப்பிடுங்க.”

உமையாள் மனுவை மேசைமேல் வைத்தாள். வைத்தாள் என்ன, அறைந்தாள். ஆய்வு மாணவி, நாலாவது வருஷம். அந்த வருஷத்தில் எல்லோருக்குமே மூக்குக்கு மேல் கோபம் வரும்.

பேராசிரியை மெஹருன்னிசா மனுவைப் படித்தார். நாலே வரி. இரண்டாம் வருஷ பி.எஸ்சி. மாணவி ஜெபராணியைத் தன் பொறுப்பிலிருந்து நீக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

அந்தத் துறையில் ஒரு வழக்கம். கோடை விடுமுறையில் ஒவ்வொரு பி.எஸ்சி. பிள்ளையையும் ஓர் ஆய்வு மாணவரோடு ஜோடி சேர்ப்பார்கள். கூடவே நின்று ஆராய்ச்சி வேலை பழக வேண்டும். ஜோடி முறிந்தால் பிள்ளை வெளியே. வேறு இடம் கிடையாது.

வராந்தா பெஞ்சில் ஜெபராணி உட்கார்ந்திருந்தாள், பையை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

“என்ன பண்ணினா?” என்றார் மேடம்.

“நாப்பத்திரண்டு தட்டு மேடம். உப்பளத்து மண்ணுலேர்ந்து அஞ்சு மாசமா பிரிச்செடுத்த பாக்டீரியா. அத்தனையும் ஆட்டோகிளேவ் குக்கர்ல வச்சு அவிச்சிட்டா. இட்லி அவிக்கிற மாதிரி.”

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது.

“நீ என்ன சொல்லியிருந்தே?”

“தட்டையெல்லாம் எடுத்துடுன்னேன். இன்குபேட்டர்லேர்ந்து எடுத்து ஃபிரிட்ஜ்ல வைக்கணும். இது ஒரு பெரிய வித்தையா? தூக்கிப் போடச் சொன்னேன்னு நினைச்சுக்கிட்டாளாம். கிருமி இருக்கிற தட்டை அவிச்சுட்டுத்தான் போடணும்னு சுவத்துல எழுதியிருக்கே, அதை மட்டும் ஒழுங்கா படிச்சிருக்கா.”

“சொல்லும்போது நீ எங்கே இருந்தே?”



“படியில மேடம். நாலே முக்கால் பஸ்ஸுக்கு ஓடிட்டிருந்தேன்.”

“அவ என்ன சொன்னா?”

“‘சரிக்கா’ன்னா.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். அஞ்சு மாச உழைப்பு மேடம். தூக்கிப் போடச் சொல்றாங்களே, எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா? வாயில என்ன கொழுக்கட்டையா?”

“ஏன் கேக்கலையாம்?”

“‘நீங்க அவசரத்துல இருந்தீங்கக்கா’ங்கிறா. இதெல்லாம் ஒரு காரணமா?”

மேடம் பேனா மூடியைத் திறந்தார். மனுவைக் கிட்டே இழுத்தார்.

உமையாள் கேட்டு வந்தது அந்தக் கையெழுத்தைத்தான். ஆனாலும் பேனா முனை தாளை நெருங்கியபோது கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். கதவுக்கு வெளியே யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

மேடம் பேனாவைப் பிடித்தபடியே இடது கையால் போனை எடுத்தார். அலுவலகத்துக்குப் போட்டார்.

“துரைப்பாண்டி, கோடைப் பட்டியல் உங்க கையில இருக்கா? ஒரு பேர் விஷயமாத்தான். லைன்லயே இருங்க.”

போனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நிமிர்ந்தார்.

“உமையாள், உன் மூணாவது அத்தியாயத்தை எடுத்துடு.”

சொல்லிவிட்டு மறுபடி போனுக்குத் திரும்பினார்.

மூன்றாவது அத்தியாயம். இரண்டு வருஷம் கண் எரிய எழுதியது. அதை எடுத்துவிட்டால் ஆய்வேட்டில் மிச்சம் இருப்பது முன்னுரையும் நன்றியுரையும்தான்.

எதுக்கு? எங்கே தப்பு? கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. மேடம் போனில் ஏதோ எண் சொல்லிக்கொண்டிருந்தார்.

“சரி மேடம்,” என்றாள்.

திரும்பிக் கதவை நோக்கி நடந்தாள். கண் நிறைந்து கைப்பிடி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

“எங்கே போறே?”

மேடம் போனை வைத்துவிட்டிருந்தார்.

“அத்தியாயத்தை எடுத்துட்டு... வேற ஏதாவது புதுசா எழுதலாம்னு...”

மேடம் மேசை ஓரத்தில் இருந்த காகிதக் கட்டைத் தட்டினார்.

“இந்தா இருக்கு. நல்லா வந்திருக்கு. ரெண்டு எடத்துல திருத்தியிருக்கேன். கையோட எடுத்துட்டுப் போன்னேன்.”

உமையாள் திரும்பி வந்து கட்டை எடுத்துக்கொண்டாள்.

“ரெண்டு வருஷ உழைப்பு. எதுக்குன்னு ஏன் கேக்கல?”

“நீங்க அவசரமா போன்ல இருந்தீங்க மே...”

வாய் அப்படியே நின்றுபோயிற்று.

வெளியே மூக்கை உறிஞ்சும் சத்தம் இன்னும் கேட்டது. மேடமும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

மனு மேசைமேல் கிடந்தது. கையெழுத்துப் போடும் இடம் காலி. மேடம் அதை ஒரு விரலால் உமையாள் பக்கம் நகர்த்தினார்.

“இதை என்ன செய்யணும்?”

உமையாள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள்.

“அதை எடுத்து...” என்றவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். மூச்சை இழுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

“அந்த மனுவை நாலாக் கிழிச்சு, உங்க காலுக்குப் பக்கத்துல இருக்கிற நீலக் குப்பைக்கூடையில போட்டுடுங்க மேடம்.”