நாலு கரையும் தெரியும் பாறை

"அப்பா சொன்னார்னு சொல்லிடுங்களேன். உங்களுக்கு அது ஒரு வார்த்தை. எனக்கு அதுதான் வாழ்க்கை."

திர்சாள் கேட்டாள். கேட்டுவிட்டு உட்காரவும் இல்லை, போகவும் இல்லை.

அக்சாள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

ஏரிக்கரை ஊரின் யூதத் தெருவில் அக்சாளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் யாரும் இல்லை. ரபியின் மகள், அவ்வளவுதான். யூத வேதகுருவான ரபி பெனாயாவுக்கு ஒரே பிள்ளை. தனக்குத் தெரிந்த வேதச் சட்டம் முழுவதையும் மகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு அவர் கண்ணை மூடினார். பாடசாலை இவள் கைக்கு வந்தது. ஆண்களும் வருவார்கள், திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்பார்கள்.

சந்தேகம் கேட்டு யார் வந்தாலும் அவள் ஒரே மாதிரிதான் தொடங்குவாள்.

"அப்பா இப்படிச் சொல்வார்."

மறுபேச்சு இருக்காது. கேட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.

ரபி செத்துப் பத்து வருஷம் ஆகிறது. போன மாதம் சந்தைக்கு ஒரு புது மீன் வந்தது. இதைத் தின்னலாமா கூடாதா என்று கேட்டு வந்தார்கள். அதற்கும் அவர்தான் தீர்ப்புச் சொன்னார். செத்தவர் எப்படி மீனைப் பார்த்தார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டால் எல்லோருக்கும் சங்கடம்.

திர்சாள் இரண்டு வருஷமாக இந்தப் பாடசாலைக்கு வருகிறாள். குருவைவிட வயதில் மூத்த சீடப் பெண். எதற்கு இந்த வயதில் படிப்பு என்று தெருவில் கேட்டார்கள்.

"என்னைக் கட்டிப்போட்ட கயிறு எதுன்னு பார்க்க வந்தேன்" என்றாள்.

கயிறு இதுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் செமாயாவின் படகு ஏரியில் கவிழ்ந்தது. உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாமல் மூழ்கினவனின் மனைவி மறுபடி கல்யாணம் செய்யவேண்டும் என்றால் சட்டம் ஒன்று கேட்கிறது. பார்த்தவர்கள் நின்ற இடத்திலிருந்து தண்ணீரின் நாலு கரையும் தெரிந்திருக்க வேண்டும். எந்தக் கரையிலும் அவன் ஏறவில்லை என்றால் அவன் செத்தவன். ஒரு கரை மறைந்திருந்தாலும் போச்சு. அந்தப் பக்கமாக ஏறிப் போயிருக்கலாம் இல்லையா? அவன் போனானோ இல்லையோ, இவள் போக முடியாது.

அந்த ஏரி ஒரு குன்றைச் சுற்றி வளைந்து போகிறது. படகுத்துறையில் நின்றால் வளைவுக்கு அப்பால் தெரியாது. நியாயசபைத் தலைவர் ரபி அசரியா அன்றைக்குப் படகுத்துறை வரை வந்தார், பார்த்தார், "எல்லை தெரியாத தண்ணீர்" என்றார், வீட்டுக்குப் போனார்.

அன்றிலிருந்து திர்சாள் மனைவியும் இல்லை, விதவையும் இல்லை.

கீழூரில் செம்புப் பாத்திரம் அடிக்கிறவன் ஒருவன் அவளுக்காகக் காத்திருக்கிறான். நல்லவன்தான். ஆனாலும் எத்தனை நாள் காத்திருப்பான்? அவளுக்கும் ஒரு பிள்ளை வேண்டும் என்ற ஆசை இன்னும் விட்டுப்போகவில்லை. வயதுதான் விட்டுப்போய்க்கொண்டிருந்தது.

இந்தச் சட்டம் அன்றைக்குத்தான் பாடத்தில் வந்தது. அதனால்தான் அவள் அப்படிக் கேட்டாள்.

அக்சாள் ஒருவழியாக நிமிர்ந்தாள்.

"அவர் மூழ்கினதைப் பார்த்தது யாரு?"

"பொம்பளைங்கதான். கண்ணு முன்னால மூழ்கினார். பொழுது சாயுற வரைக்கும் அவங்க அங்கயே நின்னாங்க. நியாயசபையும் அவங்க சாட்சியை ஏத்துக்கிச்சு. இந்த ஒரு விஷயத்துல பொம்பளை சொல்லு செல்லும்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க?"

"அவங்களை என்ன கேட்டாங்க?"

"மூழ்கினானான்னு கேட்டாங்க. மூழ்கினார்னு சொன்னாங்க. போகச் சொல்லிட்டாங்க."

"எங்க நின்னு பார்த்தாங்க?"

"துவைக்கிற பாறையில. வேற எங்க நிப்பாங்க?"

அக்சாள் புத்தகத்தை மூடினாள்.

"உன் வீட்டுல அழுக்குத் துணி இருக்கா?"

திர்சாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"நான் என்ன கேக்குறேன், நீங்க என்ன கேக்குறீங்க?"

"இருக்கா, இல்லையா?"

"யார் வீட்டுலதான் இல்லை?"

"எடுத்துக்கிட்டு வா. நானும் என்னோடதை எடுத்துக்கிறேன்."

துவைக்கிற பாறைக்கு ஆண்கள் போகமாட்டார்கள். பெண்கள் பாவாடையை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு நிற்கிற இடம். அக்சாளும் போனதில்லை. சட்டம் படிக்கிற பிள்ளை எதற்குத் துணி துவைக்க வேண்டும் என்று அப்பா ஓர் ஆளை வைத்திருந்தார். அது அவர் பாசம்.

பாறை ஏறும்போது அவள் இரண்டு தரம் வழுக்கினாள்.

"ரபி மகளுக்கும் கால் இருக்குதுடீ. நான் புத்தகம்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். அக்சாளும் சிரித்தாள்.

துவைக்க அவளுக்குத் தெரியவில்லை. துணியை அடிக்கிறதற்குப் பதிலாகத் தடவிக்கொடுத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே தடவிக்கொண்டிருந்துவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

"திர்சா, இங்க வந்து நில்லு. என்னென்ன தெரியுதுன்னு சொல்லு."

"என்ன தெரியும்? ஏரிதான் தெரியுது."

"ஒவ்வொண்ணா சொல்லு."

"இந்தப் பக்கம் படகுத்துறை. அந்தப் பக்கம் நாணல். எதிர்ல ஆட்டுக்கிடை. அதோ, குன்னுக்குப் பின்னால, வளைவுல அந்த ஒத்தை அத்திமரம். அதுக்குக் கீழ..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள்.

அதற்குக் கீழே கரை. வளைவின் கரை. முழுசாகத் தெரிந்தது.

ஆறு வருஷமாக அவள் இந்தப் பாறைக்கு வந்துகொண்டிருக்கிறாள். அந்த அத்திமரத்தைப் பார்த்துக்கொண்டேதான் துணியை அடித்திருக்கிறாள். தன்னை அவிழ்த்துவிடுகிறது அங்கேதான் இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சட்டம் தெரிந்தவர்கள் இங்கே வரமாட்டார்கள். இங்கே வருகிறவர்களுக்குச் சட்டம் சொல்லித்தரமாட்டார்கள்.

திர்சாள் ஈரப் பாறையில் உட்கார்ந்து அழுதாள். துக்கம் பாதி, ஆத்திரம் பாதி.

"ஒருத்தர்கூடக் கேக்கலையே, நீங்க எங்க நின்னீங்கன்னு."

"நானும் இன்னைக்குத்தான் கேட்டேன்" என்றாள் அக்சாள்.

திர்சாள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி. இப்பப் போய் அப்பா சொன்னார்னு சொல்லிடுங்க. ஒரே நாள்ல முடிஞ்சிடும்."

அக்சாள் கையில் இருந்த துணியைப் பிழிந்தாள்.

மறுநாள் காலையில் அவள் ரபி அசரியாவைப் பார்க்கப் போனாள். திர்சாள் பின்னால் நின்றாள்.

"ஐயா, திர்சாள் விடுபட்டவள்."

"யார் சொன்னது?"

"நான்."

அசரியா சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை. கெட்டவராக இருந்தால் சண்டை போடுவது சுலபம்.

காரணத்தைக் கேட்டார், தாடியைத் தடவினார், யோசித்தார்.

"நல்ல நியாயம்தான் அம்மா. உங்க அப்பா இப்படிச் சொல்வார்னு சொல்லிடு. இப்பவே அறிவிச்சிடறேன்."

"செமாயா மூழ்கினப்போ அப்பா செத்து நாலு வருஷம் ஆச்சு, ஐயா."

"அதனால என்ன?"

இதைச் சொல்லும்போது பெரியவர் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. அதுதான் அக்சாளுக்குப் பொறுக்கவில்லை.

"பாறைக்கு வாங்க, ஐயா."

"அது ஆம்பளை போற இடமா?"

"எல்லாரும் பாவாடையை இறக்கிவிட்டுக்கிட்டு நிக்கிறாங்க. உங்களுக்காகத்தான்."

"என் முழங்கால் தாங்காதும்மா."

"இவளைக் கட்டிப்போடப் படகுத்துறை வரைக்கும் நடந்தீங்க. அவிழ்த்துவிட இன்னும் கொஞ்சம் ஏறணும். அவ்வளவுதான்."

அவர் கோபித்துக்கொண்டார். கோபித்துக்கொண்டே கைத்தடியை எடுத்தார்.

பாறையில் பெண்கள் வரிசையாக, ஈரக் கையோடு நின்றார்கள். பெரியவர் மூச்சு வாங்க மேலே வந்தார். துறையைப் பார்த்தார். நாணலைப் பார்த்தார். ஆட்டுக்கிடையைப் பார்த்தார். குன்றின் பக்கம் திரும்பி, கண்ணுக்கு மேலே கையை வைத்து அத்திமரத்தின் கீழே பார்த்தார்.

"தெரியுது" என்றார்.

பிறகு பெண்களைப் பார்த்துக் கேட்டார். "அன்னைக்கு அந்தப் பக்கம் யாரும் ஏறலையா?"

"ஒரு ஆடுகூட ஏறலை, ஐயா. இருட்டுற வரைக்கும் இருந்தோம்."

அசரியா திர்சாளைப் பார்த்தார். அவர் குரல் இறங்கிவிட்டது.

"நீ விடுபட்டவள். இந்த ஓய்வுநாள்ல ஜெப ஆலயத்துல அறிவிக்கிறேன். ரபி பெனாயாவோட தீர்ப்புப்படி."

"அப்பா இந்தப் பாறையில ஏறினதே இல்லை" என்றாள் அக்சாள்.

"அவர் சொல்லிக்கொடுத்த சட்டம்தானே அம்மா?"

"சட்டம் அவர் சொல்லிக்கொடுத்தார். தீர்ப்பு நான் சொல்றேன். என் பேர்ல அறிவிங்க."

பெரியவர் அவளோடு வாதாடவில்லை. எங்கே சொன்னால் வலிக்கும் என்று அவருக்குத் தெரியும். திர்சாளிடம் திரும்பினார்.

"உன் வாழ்க்கை, நீ சொல்லு. கீழூர் ரபி கேப்பார், உன்னை யார் விடுவிச்சதுன்னு. பெனாயான்னா அன்னைக்கே கல்யாணம். ஒரு பொம்பளை பேரைச் சொன்னா வாசல்லயே நிறுத்திடுவார். அப்புறம் அந்தச் செம்புக்காரன் எத்தனை நாள் இருப்பான்?"

திர்சாள் அக்சாளைப் பார்த்தாள்.

"உன் இஷ்டம்" என்றாள் அக்சாள். "அப்பா பேரையே சொல்லுன்னு நீ சொன்னா நான் வாயைத் திறக்கமாட்டேன். உன் மேல எனக்குக் கோபமும் வராது."

அது உண்மை. திர்சாளுக்கும் அது தெரிந்தது. அதனால்தான் அவளுக்கு அழுகை வந்தது.

செமாயா மூழ்கின இடத்தைப் பார்த்தாள். கீழூருக்குப் போகிற பாதையைப் பார்த்தாள். செம்புக்காரன் அந்நேரம் பட்டறையில் இருப்பான். சாயங்காலம் வாசலுக்கு வந்து பாதையைப் பார்ப்பான். ஒரு பெயரை மாற்றிச் சொன்னால் போதும்.

பக்கத்தில் ஈரக் கையோடு நின்ற பெண்களைப் பார்த்தாள். அவர்களில் இரண்டு பேருடைய புருஷன்மார் அப்போதும் ஏரியில் படகில்தான் இருந்தார்கள். நாளைக்கு அந்தப் படகு கவிழ்ந்தால், இந்தப் பாறைக்கு வந்து கேட்கிறவளின் தீர்ப்பு செல்ல வேண்டும்.

திர்சாள் தன் துணி மூட்டையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அக்சாள்னு அறிவிங்க, ஐயா."

"கீழூர்ல நம்பமாட்டாங்கம்மா."

"நம்பலைன்னா இங்க கூட்டிக்கிட்டு வருவேன்."

"யாரை?"

"கீழூர் ரபியை."

"அவர் இந்தப் பாறையில ஏறுவாரா?"

திர்சாள் அவருடைய நனைந்த செருப்பைப் பார்த்தாள்.

"நீங்க ஏறலையா?"