இரண்டு விரல் இடம்

கஸ்பாருக்கு வயது அறுபத்திரண்டு. அவருடைய குரு ஜெசிந்தாவுக்கு முப்பத்து நான்கு. பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுப்பது அவள் பிழைப்பு. மீதி நேரத்தில் பிளாஸ்டிக் கப்பல் மாடல்கள் கட்டுவாள். தூத்துக்குடியில் அந்த வித்தை தெரிந்த வேறு ஆளைக் கஸ்பார் கேள்விப்பட்டதில்லை. சரக்குக் கப்பலில் மாலுமிகளை மேய்க்கும் செராங்காக இருந்து முப்பது வருடம் ஆட்களை அதட்டிய மனிதர், இப்போது அவளை டீச்சர் என்று கூப்பிட்டுக்கொண்டு எதிரே அடக்கமாக உட்கார்ந்திருந்தார்.

அவர் கட்டிக்கொண்டிருந்தது, தான் வேலை பார்த்த கப்பலின் மாடல். அந்தக் கப்பலிலிருந்து கடலில் விழுந்து செத்துப்போனான் அவருடைய சிநேகிதன் தொம்மை. தொம்மையின் மகள் அமலி ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். அப்பா கடைசியாக நின்ற இடத்தை அந்த மாடலிலாவது பார்க்க வேண்டும் என்று போனில் சொல்லியிருந்தாள். அன்று வெள்ளிக்கிழமை.

மாடல் பெட்டியோடு வந்த பிளாஸ்டிக் கைப்பிடிக் கம்பிகள் மொத்தையாக இருந்தன. அவற்றைப் பிளேடால் சீவி எடுத்துவிட்டு, பித்தளைத் தகட்டில் மயிரிழையாய் அமிலத்தால் அரித்தெடுத்த கம்பிகளை வைக்க வேண்டும். தகட்டிலிருந்து வெட்டி, மடித்து, ஊசி முனையில் பசை தொட்டு ஒட்ட வேண்டும். கற்றுக்குட்டிக்கு அது லேசான வேலை இல்லை.

ஆனாலும் வலப்பக்கத்தை ஒரே நாளில் முடித்துவிட்டார். இடப்பக்கத்தில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு இடம் காலியாகக் கிடந்தது. அந்த இடத்துக்கு நாலு துண்டுகளை உடைத்தாயிற்று. மிச்சம் ஒன்றுதான்.

"மத்த இடத்துலெல்லாம் நிக்குது, டீச்சர். இங்க மட்டும் ஏன் நிக்க மாட்டேங்குது?"

ஜெசிந்தா உடைந்த துண்டுகளை இடுக்கியால் புரட்டிப் பார்த்தாள்.

"எத்தன தடவ மடிச்சீங்க?"

"ஒட்டிப் பாப்பேன். கோணலாத் தெரியும். பிச்செடுத்து நிமித்தி, மறுபடி மடிப்பேன்."

"பித்தளை ஒரு மடிப்புத் தாங்கும். நிமித்தி நிமித்தி மடிச்சா ஒடிஞ்சிரும். மொதல்ல ஒட்டுனது கோணலாவா இருந்துச்சு?"

கஸ்பார் யோசித்தார். "எனக்கு அப்பிடித் தெரிஞ்சுது."

அவள் கடைசித் துண்டை வெட்டினாள். இரண்டு பிளேடுக்கு நடுவில் வைத்து ஒரே மடிப்பு மடித்தாள். பசை தொடாமல் காலி இடத்தில் நிறுத்திப் பிடித்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

"தகட்டுலயும் குத்தமில்ல. உங்க கையிலயும் குத்தமில்ல, அண்ணாச்சி. இது என்ன இடம்?"

"தொம்மை விழுந்த இடம்."

அவரே மேலும் சொன்னார்.

"கப்பல்ல அந்த எடத்துக் கம்பி துருப்பிடிச்சிருந்துச்சு. நாந்தான் கழத்தி வெல்டிங்குக்கு அனுப்புனேன். கழத்துன எடத்துல கயிறு கட்டணும். அது என் வேல. ஒரு சாயா குடிச்சிட்டு வந்து கட்டிக்கலாம்னு போனேன். திரும்பி வாறதுக்குள்ள அவன் இல்ல. அலை தூக்கிட்டுப் போயிருச்சுன்னு எல்லாருக்கும் சொன்னேன். அவன் பொண்டாட்டிட்டயும் அதத்தான் சொன்னேன். இருபத்திமூணு வருசமாச்சு."

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவருக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

ஜெசிந்தா கம்பியைப் பிடித்த பிடி மாறாமல் கேட்டாள். "அன்னைக்கு இந்த எடத்துல கம்பி இருந்துச்சா?"

"இல்ல."

அவள் கம்பியை எடுத்துக் கீழே வைத்தாள். பசைப் புட்டியை மூடினாள்.

கஸ்பார் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"இப்பிடியே விட்டா, இங்க மட்டும் ஏன் கம்பி இல்லன்னு அந்தப் பிள்ள கேப்பாளே, டீச்சர்."

"கேக்கத்தான வாறா, அண்ணாச்சி."