உச்சி வெயில் பேய்க்கு ஒரு நாவல்

ஒரு ஊர்ல ஒரு பேய் இருந்துச்சாம். "ம்" கொட்டு ரூபி. கொட்டலேன்னா சித்தி பாட்டுக்குத் தூங்கிடுவேன், அப்புறம் மிச்சக் கதையை நீயேதான் சொல்லிக்கணும்.

ம்.

ஆங். அது ராத்திரிப் பேய் இல்ல, உச்சி வெயில் பேய். ஊருக்கும் லைப்ரரிக்கும் நடுவுல ஒரு புளியமரம், அதுலதான் குடித்தனம். மத்தியானச் சோத்துக்கு வீட்டுக்கு வர்ற ஸ்கூல் பிள்ளைங்களைப் பாத்து சரசரன்னு இறங்கி வரும், "ப்பே!"ன்னு ஒரு மிரட்டு மிரட்டும், மறுபடி மரமேறிக்கும். நல்ல பேய்தான். வேலையில ஒரு நாள் மட்டம் போட்டதில்ல.

அப்போ மே மாசம் வந்துச்சு. ஸ்கூல் லீவு. வெயில் மண்டையைப் பொளக்குது, எவனும் வெளியில தலையைக் காட்டல. பேய் இறங்கி வந்து பாத்தா ரோட்டுல ஒரு நாய் கூட இல்ல. யாரைப் பயமுறுத்தறது? கெளையில காலை நீட்டிப் படுத்துக்கிட்டு "போரடிக்குது, போரடிக்குது"ன்னு ஒரே புலம்பல். உன்னை மாதிரியேதான்.

அப்புறம் அதுக்கு ஒரு யோசனை வந்துச்சு. லீவுதானே, ஒரு நாவல் படிச்சா என்ன? ஆனா எதைப் படிக்கறது? எப்பவாவது லைப்ரரிக்குப் போற ஒண்ணு ரெண்டு பேரை வழிமறிச்சு, "எனக்கு ஒரு நல்ல நாவல் சொல்லு"ன்னு கேக்க ஆரம்பிச்சுது. அதுலயும் ஒரு கண்டிஷன். "செத்தவங்க எழுதினது வேணாம். நானே செத்தவ, அவங்களைத்தான் தினம் பாத்துக்கிட்டிருக்கேனே. உசுரோட இருக்கறவங்க எழுதினதா, புதுசா சொல்லு. நல்லா இல்லேன்னா தலைகீழாத் தொங்கவிட்டுருவேன்."

சிரிக்காத. பேய்க்கு அது சீரியஸான விஷயம்.

மொதல்ல மாட்டினவரு பேராசிரியர் மாசிலாமணி. அந்த ஊருல எந்த விழான்னாலும் மேடையில அவருதான். "இந்தக் கோடையில் நீங்கள் வாசித்தே ஆகவேண்டிய நாவல்கள்"னு மைக்கைப் புடிச்சாருன்னா சுண்டல் ஆறிப்போற வரைக்கும் விடமாட்டாரு. அவரு முன்னாடி பேய் குதிச்சு நின்னுச்சு, தொம்! மனுஷனுக்கு வேட்டி நனையாத குறை. இருந்தாலும் தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, அந்த வருஷம் பரிசு வாங்கின நாவல் ஒண்ணைச் சொன்னாரு. தலகாணி சைஸு.

"அதுல உனக்கு என்ன புடிச்சுது?"

"மண்ணின் மணம் வீசும்."

"அப்புறம்?"

"மனித மனத்தின் ஆழங்கள்..."

"யோவ், கதை என்னய்யா?"

முழிச்சாரு பாரு ஒரு முழி! ஏன்னா அவரு படிக்கவே இல்ல. அந்த ஆளு எந்த நாவலையும் படிச்சதில்ல ரூபி. வீட்டுல அவரு பொண்டாட்டி தையல்நாயகி எல்லாத்தையும் படிச்சுட்டு, சோறு போடும்போது கதை சொல்லுவா. இவரு கேட்டுட்டுப் போய் மேடையில அவுத்து விடுவாரு. அந்தத் தலகாணியை அவ இன்னும் படிக்கல, அதான் மாட்டிக்கிட்டாரு. படக்! காலைப் புடிச்சு கெளையில தொங்கவிட்டுருச்சு.

ம்.

ரெண்டாவதா வந்தவரு எழுத்தாளர் தழலோன். அம்மா அப்பா வெச்ச பேரு குப்புசாமி. "நாவலா? சமீபத்துல உருப்படியா ஒண்ணே ஒண்ணுதான் வந்திருக்கு"ன்னாரு. "யாரு எழுதினது?"ன்னு கேட்டுச்சு பேய். "நான்தான்." பையில எப்பவும் நாலு காப்பி வெச்சிருப்பாரு. ஒண்ணை எடுத்து "அன்புள்ள பேய்க்கு"ன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு. பேயும் ஆசையா உக்காந்து படிச்சுது. மொதல் பக்கத்துல மழை பெய்யுது. ரெண்டாவது பக்கத்துலயும் மழை பெய்யுது. மூணாவது பக்கத்துல கதாநாயகன் ஜன்னல் வழியா அந்த மழையைப் பாக்கறான். கொர்ர்ர்ர்! செத்ததுலேர்ந்து கண்ணே மூடாத பேய், பாவம், தூங்கிப்போச்சு.

முழிச்சதும் வந்துச்சு பாரு கோவம். படக்! அவரும் தொங்கினாரு, பேராசிரியருக்குப் பக்கத்துலேயே. தொங்கிக்கிட்டே ரெண்டு பேரும் எது இலக்கியம்னு சண்டை போட்டாங்க. பேய்க்குத் தலைவலி வந்துருச்சு.

தூங்கிட்டியா?

ம்ஹூம்.

அப்போ சேதி தையல்நாயகி காதுக்குப் போச்சு. அவளுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு நாவல் நல்லா இருக்குன்னு சொல்ல வந்தாள்னா, முடிவையும் சேத்துச் சொன்னாத்தான் அவளுக்கு நெஞ்சு ஆறும். "அக்கா, இதைக் கண்டிப்பாப் படிங்கக்கா, கடைசிப் பக்கத்துல அப்படியே தூக்கிவாரிப் போடும், தம்பிதான் கொலைகாரன்!" உங்கம்மா சினிமாக் கதை சொல்ற மாதிரியேதான். கேட்டவங்க மூஞ்சி சப்புன்னு ஆயிடும், புக்கை அப்படியே வெச்சுடுவாங்க. அந்த ஊருல ஒருத்தரும் நாவலைத் தொடறதில்ல. லைப்ரரிக்காரரு அவளைக் கண்டாலே ஜன்னலைச் சாத்திடுவாரு.

ஆனா புருஷனை அப்படியே விட முடியுமா? வீட்டுல கேஸ் சிலிண்டர் மாத்த வேற ஆள் கெடையாது. புதுசா வந்த நாவல் ஒண்ணைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு விறுவிறுன்னு போனா. மலை ரூட்டுல பஸ் கண்டக்டர் ஆகணும்னு ஆசைப்படற ஒரு பொண்ணோட கதை அது. பேய் அவளை மேலயும் கீழயும் பாத்துச்சு.

"முடிவு சொல்ற பொம்பள நீதானே? கேள்விப்பட்டிருக்கேன். நான் படிச்சு முடிக்கற வரைக்கும் இங்கேயே உக்காரு. நல்லா இருந்தா உன் புருஷனை இறக்கி விடறேன். நடுவுல முடிவைச் சொன்னே, அவரு பக்கத்துல உனக்கும் ஒரு கெளை இருக்கு."

"ஐயோ போச்சு!"ன்னாரு மேலேர்ந்து பேராசிரியர். பொண்டாட்டி வாய் அவருக்குத் தெரியாதா?

பேய் படிக்க ஆரம்பிச்சுது. கொஞ்ச நேரத்துல நிமிந்து, "ஏண்டி தையலு, இவளுக்கு வேலை கெடைச்சுருமா?"ன்னு கேட்டுச்சு. தையல்நாயகிக்கு வாய் துறுதுறுன்னு வருது. முந்தானையைச் சுருட்டி வாயில திணிச்சுக்கிட்டா.

அப்புறம் பாதிக் கதையில, "ஏண்டி, இந்த டிரைவர் நல்லவனா கெட்டவனா?" நாக்கு நுனிக்கு வந்துருச்சு அவளுக்கு. கீழ கெடந்த புளியம்பழத்தைப் பொறுக்கி வாய் நெறைய அடைச்சுக்கிட்டா. பல்லு கூசி, கண்ணுல தண்ணி கொட்டுது. ஆனா பேச்சு வரல.

அப்புறம் கடைசிக்குக் கிட்ட வந்துச்சு. மலை எறக்கத்துல பஸ்ஸுக்கு பிரேக் புடிக்கல. கடகடகடன்னு ஓடுது. அந்தப் பொண்ணு படியில நிக்கறா. பேய் புக்குலேர்ந்து தலையைத் தூக்குச்சு.

"இவ பொழைப்பாளா? சொல்லிடுடி, என்னால தாங்க முடியல. உன்னைத் தொங்கவிடல. நீ சொன்ன நிமிஷம் உன் புருஷனை இறக்கிடறேன்."

"சொல்லித் தொலைடி! ரத்தமெல்லாம் தலைக்கு ஏறுது!"ன்னு கத்தினாரு பேராசிரியர்.

சொல்லியிருக்கலாம். புருஷனும் கெடைப்பாரு, நெஞ்சும் ஆறும். தையல்நாயகி வாயைத் தொறந்துட்டா. அப்போ பேயோட மூஞ்சியைப் பாத்தா. கண்ணு ரெண்டும் அகலத் தொறந்து, மூச்சே இல்லாத பேய் மூச்சைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. புக்கைக் கையில வெச்சுக்கிட்டு ஒருத்தர் இப்படித் தவிக்கறதை அவ கண்டதே இல்ல. அந்தத் தவிப்பு வர்றதுக்கு முன்னாடியே எல்லார்கிட்டயும் முடிவை உளறி வெச்சிருக்காளே! அவளுக்கு, ரூபி, அத்தனை சந்தோஷம்.

"சொல்லமாட்டேன். கொஞ்சம்தானே இருக்கு, படி."

"ஆஆஆஆ!"ன்னு அலறிச்சு பாரு பேய்! மரமே ஆடுச்சு. புளியம்பழமெல்லாம் பொலபொலன்னு அவ தலையில கொட்டுது. அவ கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தா.

அப்புறம் சத்தமே இல்ல. சர்க்... சர்க்... பக்கம் திருப்பற சத்தம் மட்டும். சர்க்...

புக்கை மூடிச்சு. மூக்கை உறிஞ்சிச்சு, கையை நீட்டிச்சு, தொபுக்கடீர்! பேராசிரியர் கீழ கெடந்தாரு.

"நான்?"னாரு எழுத்தாளர்.

"நீ தொங்கு. ரத்தம் தலைக்கு ஏறினா உன் கதையில மழை நிக்குதான்னு பாப்போம்"னுச்சு பேய்.

ம்... ம்.

அப்புறம் புருஷனும் பொண்டாட்டியும் வீட்டுக்கு நடந்தாங்க. பேராசிரியர் வேட்டியில ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கிட்டே, "ஏய், சாயங்காலம் இலக்கிய மன்றத்துல இதைப் பத்திப் பேசிடறேன். கடைசியில அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு?"ன்னு கேட்டாரு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து, கேட்டா கொட்டிடுவா அவ. அன்னிக்கு நின்னா. வாயில ஒட்டியிருந்த புளியங்கொட்டையைத் தூன்னு துப்பினா.

"புக்கு பேய்கிட்ட இருக்கு. போய் வாங்கிப் படிங்க"ன்னுட்டு விறுவிறுன்னு நடந்து போயிட்டா.

மனுஷன் அந்த வெயிலுல நட்ட நடு ரோட்டுல நின்னு, வீட்டைப் பாத்தாரு, மரத்தைப் பாத்தாரு. அப்புறம் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு மரத்தைப் பாத்து நடந்தாரு.

ரூபி? ...ம்?

கதை மரமேறியாச்சு, காத்தும் வந்தாச்சு. நீ தூங்கு.