மாவடு ஜாடியில் ராஜாவின் கால்

செம்பியூர் மகாராஜா முடிகொண்டராயர் கடல் தாண்டிப் போன கதை தெரியுமோ? போனது சங்குத் தீவுக்கு. போன காரியம், அந்தத் தீவு ராஜா சுவர்ணகேதுவோடு சிநேகம் செய்துகொள்வது. அதெல்லாம் பெரியவர்கள் பாடு. நமக்கு வேண்டியது ராயர் கூடவே கொண்டுபோன மாவடு ஜாடி.

சங்குத் தீவில் உபசாரத்துக்குக் குறைவில்லை. ஆனால் எதைத் தொட்டாலும் தேங்காய்ப்பாலும் வெல்லமும்தான். மீன் குழம்பிலேயே வெல்லம் போடுவார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் கேள்விப்பட்டிருந்த மகாராணி, தன் கையாலேயே வடு பொறுக்கி, உப்பும் மிளகாயும் கடுகும் சேர்த்து, வாயகன்ற ஜாடி நிறையப் போட்டு அனுப்பியிருந்தாள். அந்த வடு இல்லாமல் ராயருக்கு ஒரு கவளம் உள்ளே இறங்காது.

அந்த ஜாடிதான் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது.

"ஓய் கவிராயரே, இப்படி வாரும்" என்றார் ராயர் ஒரு நாள் காலையில்.

அம்பலவாணக் கவிராயர் அவருடைய ஆஸ்தான விகடகவி. நாக்கு நீளம், தொந்தி அதைவிடப் பெரிசு. அந்தத் தொந்திதான் அவருக்கு வினையாகப் போயிற்று.

"ஜாடியைப் பாரும்."

"பார்த்தேன் மகாராஜா. கழுத்துவரை இருந்தது இடுப்புக்கு இறங்கியிருக்கிறது."

"கப்பல்காரர்கள் கப்பலிலேயே கிடக்கிறார்கள். இந்த மாளிகையில் வடுவின் ருசி தெரிந்தவர்கள் இரண்டே பேர். நான் எடுக்கவில்லை."

கவிராயருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பந்தியில் அவர் அப்பளத்தை ஒளித்துவைத்தது உண்டு. பக்கத்து இலைப் பாயசத்தைக் குடித்தது உண்டு. ஆனால் மகாராணி போட்ட வடுவில் சத்தியமாகக் கைவைக்கவில்லை.

"இந்த ஊர்க்காரர்கள் யாராவது..."

"வாயை மூடும். எங்கள் தீவில் திருட்டே கிடையாது என்று சுவர்ணகேது வாய்க்கு வாய் பெருமையடிக்கிறார். விருந்தாளி மாளிகையில் ஊறுகாய் திருட்டுப் போயிற்று என்றால் சிநேகமும் போச்சு, வந்த காரியமும் போச்சு. திருட்டு என்ற பேச்சே எடுக்கக்கூடாது. ஆனால் கப்பல் கிளம்புவதற்குள் திருடனைக் காட்டவேண்டும். முடியாவிட்டால் நீர் இங்கேயே கிடந்து, ஆயுசு பூராவும் வெல்ல மீன் தின்னும்."

வெல்ல மீன் என்றதும் கவிராயருக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டையும் வீட்டுக்காரி வைக்கும் வற்றல் குழம்பையும் நினைத்துக்கொண்டே போய், வாசல் காவலாளியிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்தார்.

"உள்ளே வெளியாட்கள் யாரும் வருவதில்லை ஐயா" என்றான் அவன். "விருந்தாளி குளிக்கப் போனால் வீட்டு எஜமான் வந்து தம் கையாலேயே படுக்கையைத் தட்டிப் போடவேண்டும். அது எங்கள் வழக்கம். அதற்கு எங்கள் மகாராஜா மட்டும் வந்துபோகிறார்."

கவிராயர் வாயைப் பிளந்தார். முதல் நாள் விருந்தில் ராயரின் இலையில் வடுவைப் பார்த்துவிட்டு, 'இதை நாங்கள் கைதிக்குக்கூடக் கொடுக்கமாட்டோம்' என்று மூக்கைப் பிடித்துக்கொண்ட மனுஷராயிற்றே. அப்படியே அவர்தான் என்றாலும், ஒரு ராஜாவை நிறுத்திவைத்து வாயை மோந்து பார்க்க முடியுமா?

மறுநாள் வழியனுப்பு விருந்து. ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். கவிராயர் எழுந்து கும்பிட்டார்.

"இந்தத் தீவின் காற்றுக்கு நாங்கள் நன்றி சொல்லவேண்டும். எங்கள் மகாராஜாவுக்கு வெகுநாளாக உள்ளங்காலில் ஆணி. வைத்தியர் சொன்னபடி, தினமும் படுக்கப்போகுமுன் அந்த வடு ஜாடியில் காலை விட்டு ஊறவைக்கிறார். சாப்பிடுவதற்குக் கிண்ணத்தில் தனியாக எடுத்து வைத்துவிட்டோம். ஜாடியில் இருப்பதெல்லாம் கால் வைத்தியத்துக்குத்தான். இங்கே வந்த வேளை, ஆணி கரைந்தேபோய்விட்டது."

ராயர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கவிராயர் ராஜா என்றும் பாராமல் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார். வாய் மூடிக்கொண்டது.

சபை கொல்லென்று சிரித்தது. மந்திரி சிரித்தார், சமையற்காரன் சிரித்தான், காவலாளி ஈட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சுவர்ணகேது மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் வாழைத்தண்டு மாதிரி வெளுத்துப்போயிருந்தது.

"ஜாடிக்குள்ளேயா? காலையா?"

"இரண்டு காலையும்தான் மகாராஜா" என்றார் கவிராயர் பவ்வியமாக.

சுவர்ணகேது வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினார்.

"பார்த்தீர்களா மகாராஜா?" என்று காதைக் கடித்தார் கவிராயர்.

"என்னத்தைப் பார்க்க? தேங்காய்ப்பால் ஒத்துக்கொள்ளவில்லையோ என்னவோ. அவர் வாயாலேயே சொன்னால் நம்புகிறேன். இல்லாவிட்டால் நீர் இங்கேதான்."

கப்பல் கிளம்பும் வேளை வந்தது. கவிராயர் துணிமூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் கரையில் நின்றார். அப்போது சுவர்ணகேது வந்து ராயரைத் தனியாக அழைத்துப் போனார். கவிராயரும் பூனை மாதிரி பின்னாலேயே போய் நின்றார்.

"கால் எப்படி இருக்கிறது?" என்று கேட்டார் சுவர்ணகேது.

"காலா? ஓ, காலா. நன்றாக இருக்கிறது."

"ஆணி முழுக்கப் போய்விட்டதா? இனி ஊறவைக்க வேண்டியதில்லையே?"

"இல்லை."

சுவர்ணகேது அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அப்படியானால், ஊர் போய்ச் சேர்ந்ததும் கால் வைக்காத ஜாடி ஒன்று அனுப்பிவையுங்கள். எவ்வளவு வாய் கொப்பளித்தும் அந்த ருசி போகமாட்டேன் என்கிறது."

ராயருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "ஒன்றென்ன, வருஷாவருஷம் அனுப்புகிறேன்" என்று அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இவர் சிரிக்க, அவர் சிரிக்க, அந்தச் சிரிப்பிலேயே சிநேகம் கெட்டிப்பட்டுப் போயிற்று.

"ஓய், இன்னும் ஏன் கரையில் நிற்கிறீர்? ஏறும் கப்பலில். உம்மைச் சந்தேகப்பட்டது என் தப்பு" என்றார் ராயர் கவிராயரின் கையைப் பிடித்து.

நடுக்கடலில் இரண்டு பேருமாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். வெல்லம் போடாத தயிர்சாதம். ராயர் ஆசையாக ஜாடியில் கைவிட்டு ஒரு வடுவை எடுத்தார். வாய்வரை கொண்டுபோனார். வடுவைப் பார்த்தார். தம் காலைப் பார்த்தார். மறுபடி வடுவைப் பார்த்துவிட்டு, அதைக் கவிராயர் இலையில் போட்டார்.

"ஓய், பொய் சொன்னாலும் கொஞ்சம் அளவாகச் சொல்லக்கூடாதா? நான் கால் வைக்கவே இல்லை என்பது எனக்குத் தெரியும். அப்படியும் தொண்டையில் இறங்கமாட்டேன் என்கிறதே. ஜாடியோடு நீரே வைத்துக்கொள்ளும்."