மேல் பொத்தான்

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடியறையில் ரெஜினா செல்போன் சர்வீஸ் கடை வைத்திருந்தாள். முப்பது வயது இருந்தால் அதிகம். ஆனாலும் வேலை பழக வருகிறவர்களுக்கெல்லாம் அவள்தான் மாஸ்டர். பணி ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல் அங்கே வந்து சேர்ந்த தவசீலனுக்கும் மாஸ்டர்தான். மகள் வயதுப் பெண்ணை அப்படிக் கூப்பிட முதலில் வாய் கூசியது, பிறகு பழகிவிட்டது.

ஒருநாள் காலை அவர் ஒரு பழைய மியூசிக் பிளேயரைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"யாருது அண்ணே?"

"என் பொண்ணு நறுமுகையோடது."

மகள் பார்க்கும் வேலையை நாலு பேர் முன்னால் மட்டமாகப் பேசிவிட்டார் மனிதர். அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். பிளேயர் வீட்டிலேயே கிடந்தது. கம்பெனி போட்ட பூட்டை உடைத்துவிட்டால் எந்தப் பாட்டையும் அதில் ஏற்றலாம், ஏற்றி அனுப்பினால் மகள் மனம் இளகும் என்பது அவர் போட்ட கணக்கு. இணையத்தில் பார்த்து ஜெயில்பிரேக் என்கிற அந்தப் பூட்டு உடைப்பைச் செய்தார். பாதியில் சிக்கிக்கொண்டது. கம்பெனிச் சின்னம் வரும், அணையும், மறுபடி வரும். அதற்கு மேல் நகரவில்லை.

"உடைச்சுத் தரச் சொல்லி பொண்ணு கேட்டுச்சா?"

"இல்ல மாஸ்டர். நானாத்தான்."

"வாங்குனப்ப இருந்த மாதிரி ஆக்கிடலாம். உள்ள இருக்குற பாட்டெல்லாம் போயிடும்."

"அவ லேப்டாப்புல இருக்கு."

"அப்ப போகட்டும். கம்ப்யூட்டர்ல மாட்டுங்க. ரெண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்குங்க. பத்து எண்ணி மேல் பொத்தானை விடுங்க. கீழ உள்ளதை விடாதீங்க."

அவர் அப்படியே செய்தார். திரை கறுத்தது. ஒளியில்லை, ஓசையில்லை. சட்டென்று மேல் பொத்தானை அமுக்கினார். சின்னம் வந்தது, அணைந்தது, மறுபடி வந்தது.

திரும்பவும் செய்தார். திரும்பவும் கறுத்தது. திரும்பவும் அமுக்கினார்.

"மாஸ்டர், இது செத்துப்போச்சு. உயிரே இல்ல."

ரெஜினா சால்டரிங் கம்பியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். பிளேயரை வாங்கி, பொத்தான்களை அமுக்கி, எண்ணி, மேல் பொத்தானை விட்டாள். திரை கறுத்தது. தவசீலனின் கை தானாக அதை நோக்கிப் போனது.

"அண்ணே, கையை எடுங்க."

எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மடியில் வைத்துக்கொண்டார். வாங்கி வைத்த டீயில் ஆடை படிந்தது. திரை கறுப்பாகவே இருந்தது.

கம்ப்யூட்டர் டிங் என்றது. பிளேயரை அது கண்டுகொண்டது. ரெஜினா கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டினாள். கொஞ்ச நேரத்தில் பிளேயர் புதிதாய் விழித்து, எந்த மொழி வேண்டும் என்று கேட்டது.

தவசீலனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"கறுப்பாயில்ல இருந்துச்சு?"

"கறுப்பாத்தான் இருக்கும். அப்பதான் சொல்றது அதுக்குக் கேக்கும்."

"நான் ஒவ்வொரு வாட்டியும் கெடுத்துட்டேனா?"

"ஆமா."

"பாட்டு ஏத்தட்டுமா மாஸ்டர்?"

"வேணாம். பொண்ணோட பாட்டைப் பொண்ணே ஏத்திக்கும்."

அவள் தன் இடத்துக்குப் போனாள். அவர் பிளேயரைத் துணியில் சுற்றி வைத்துவிட்டுப் போனை எடுத்தார். மகளுக்கு அடித்தார். முழுசாய் அடித்து நின்றது. மறுபடி அடித்தார். நின்றது.

"தினமும் கூப்பிடுறீங்களா?"

"பொழுது விடிஞ்சா, பொழுது அடைஞ்சா இதே வேலைதான். வார்டனுக்கு அடிச்சேன். கூடத் தங்கியிருக்குற பொண்ணுக்கும் அடிச்சேன். ஒரு பதில் இல்ல மாஸ்டர். அவ என்னைத் தலைமுழுகிட்டா."

அவர் விரல் மறுபடி மகள் பெயருக்குப் போனது.

ரெஜினா வேலையிலிருந்து தலை நிமிரவில்லை.

"அண்ணே, கையை எடுங்க."