மணிக்குள் போன கொலுசு

மாதா கோயில்களுக்கு மணி வார்க்கும் நல்லபெருமாள் ஆசானிடம் இசக்கி பல ஆண்டுகளாகச் சீடனாக இருந்தான். தலை நரைக்கத் தொடங்கியும் ஒரு விஷயம் மட்டும் அவனுக்குச் செரிக்கவில்லை.

மணி வார்க்கும் நாளில் ஊர்ப் பெண்கள் தங்கள் வெள்ளி நகைகளைக் கொண்டுவந்து உலையில் போடுவார்கள். வெள்ளி சேர்ந்தால் மணியின் குரல் இனிக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆனால் வெள்ளி கூடினால் குரல் மந்தமாகிவிடும். அதனால் ஆசான் உலையின் முன்பக்கம் தனியாக ஒரு வாய் வைத்துக் கட்டுவார். அதில் போடுவது, செம்பும் வெள்ளீயமும் உருகும் மூசைக்குப் போகாது. அடியிலிருக்கும் சாம்பல் குழிக்குப் போய்விடும். மறுநாள் சாம்பலை அரித்து, கிடைத்ததைப் பங்குச் சாமியாரிடம் ஒப்படைப்பார். சாமியார் அதை விற்று அநாதைப் பிள்ளைகளுக்கு அரிசி வாங்குவார்.

"இது ஏமாற்று இல்லையா, ஆசானே?" என்று இசக்கி ஒவ்வொரு ஊரிலும் கேட்பான்.

"ஏமாற்றுதான்."

சொல்லிவிட்டு ஆசான் உலையை ஊதப் போய்விடுவார்.

ஒரு தடவை செம்மணல் மேடுகள் சூழ்ந்த தேரிக்காட்டு ஊர் ஒன்றுக்குப் போனார்கள். அங்கே பழைய மணி விரிசல் விட்டு, மாதக்கணக்கில் கோபுரத்தில் ஊமையாகத் தொங்கியது. அதை இறக்கி உடைத்தார்கள். உலை மூட்டினார்கள். பெண்கள் வரிசையில் நின்றார்கள்.

"என் அரைஞாணைப் போட்டிருக்கேன். பாருங்க, மணி அடிச்சா முதல்ல என் சத்தம்தான் கேட்கும்."

"உன் சத்தம் மணி இல்லாமலே பக்கத்து ஊர் வரைக்கும் கேட்குதே, மரியாயி!"

எல்லோரும் சிரித்தார்கள். கடைசியாக மிக்கேலம்மாள் வந்தாள். சிரிப்பு நின்றது.

அந்தக் கோடையில் அவள் மகள் செசிலி காய்ச்சலில் போய்விட்டாள். தத்தித் தத்தி ஓடும் வயது. மணி விரிசல் விட்டிருந்ததால், துக்க மணி அடிக்காமலே அவளைக் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள்.

மிக்கேலம்மாள் உலை வாயில் எதையும் போடவில்லை. ஒரு சிறிய கொலுசை ஆசான் கையில் வைத்தாள்.

"அவ முற்றத்துல நடந்தா அடுப்படியில இருக்கிற எனக்குக் கேட்கும், அய்யா. மணி அடிக்கும்போது அது கேட்கும்லா?"

ஆசான் கொலுசை எடுத்துக்கொண்டு உலையின் பின்பக்கம் போனார். இசக்கியும் போனான். அங்கே வேறு யாரும் இல்லை. ஆசான் கொலுசை இடுக்கியில் பிடித்து, உருகித் தளதளத்த மூசைக்குள் இறக்கினார். அதன் வெள்ளி முத்துகள் ஒரு கணம் மினுங்கின. பிறகு இல்லை.

இசக்கி பதறினான். "ஆசானே, வெள்ளி!"

"குழந்தைக் காலளவு வெள்ளி. மணி தாங்கும்."

மண்ணுக்குள் வார்த்த மணி ஆறியதும் தோண்டி எடுத்துத் துடைத்து, இரண்டு பனங்கால்களுக்கு நடுவே தொங்கவிட்டார்கள். ஊரே கூடி நின்றது. சாமியார் செபம் சொல்லிவிட்டுக் கயிற்றை இழுத்தார்.

நல்ல குரல். தேரி மணலைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது.

"கேட்டியா? அதுதான் என் அரைஞாண்!" என்றாள் மரியாயி.

"போடி, அது என் காப்பு."

சாம்பலில் விழுந்த வெள்ளியெல்லாம் மணிக்குள் பாடிக்கொண்டிருந்தது.

மிக்கேலம்மாள் கண்ணை மூடியபடி நின்றாள். "இன்னொரு தடவை அடிங்க சாமி" என்றாள். அடித்தார். "இன்னொரு தடவை." அடித்தார்.

"கேட்கல."

அவள் கண்ணைத் திறந்து ஆசானைப் பார்த்தாள்.

"எல்லாரும் முன்னால போட்டாங்க. என் பிள்ளை கொலுசை மட்டும் நீ பின்னால கொண்டுபோனே. நான் பார்த்தேன்." நெருங்கி வந்து அவர் தோள்துண்டைப் பிடித்தாள். "திருட்டுப் பயலே! எங்கே வச்சிருக்கே? குடு!"

"வேட்டியை உதறிக் காட்டும்வே!" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான். இன்னொருவன் காறித் துப்பினான். ஆசான் தலையைக் குனிந்து நின்றார். வாய் திறக்கவில்லை.

இசக்கியால் பொறுக்க முடியவில்லை. மிக்கேலம்மாள் அருகில் போய், அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"அம்மா, உங்க கொலுசு ஒண்ணுதான் மணிக்குள்ள இருக்கு. மத்ததெல்லாம் சாம்பலுக்குப் போயிட்டுது. ஆசான் மூசையில இறக்கினதை நான் கண்ணால பார்த்தேன்."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத முகம் அது.

"உருகிட்டுதா?"

"ஆமாம்மா. முழுசாக் கலந்துட்டுது. ஒரு முத்துகூட மிச்சமில்ல."

அவள் கை துண்டை விட்டது. மணலில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு யார் கூப்பிட்டும் நிமிரவில்லை. ஆசானைத் திட்டவும் இல்லை.

சாயங்காலம் அவர்கள் ஏறிய வண்டி தேரியைக் கடக்கும்போது பின்னாலிருந்து செப மணி கேட்டது. இசக்கி வெகுநேரம் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டான்.

"அவ உங்களைத் திருடன்னு சொன்னது பொய். நான் சொன்னது உண்மை. அந்த உண்மையை நீங்க ஏன் சொல்லல, ஆசானே?"

மணியின் கார்வை முழுவதும் அடங்கும்வரை ஆசான் காத்திருந்தார்.

"திருடன்னு ஒருத்தன் இருந்தா, கொலுசு எங்கேயாவது இருக்கும்லா, இசக்கி."